கண்ணாடித் தோட்டம் வந்து சேர்ந்தது

ஜூன் 3

மிளகாய்க்கு,

இதைப் பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே ஒருவருக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர் போடுகிற சத்தத்தில் நான் எழுதுவதை யாரும் கவனிக்கமாட்டார்கள். வீட்டில் எழுத வழியில்லை. நீ எனக்குக் கடிதம் போடுவதே உன் அத்தானுக்குத் தெரியாது. தெரிந்தால் மாப்பிள்ளை காதுக்குப் போக ஒரு மணி நேரம் ஆகாது. இரண்டு பேரும் அப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரும் வாயைத் திறக்கிற இடத்தில் வேலை பார்த்துக்கொண்டு நான் மட்டும் மூடிக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார். எல்லா ஞாயிறும் வருகிறவர்தான், ஆனால் இந்த முறை கையில் உன் கண்ணாடிப் பெட்டி. மூன்று வருஷமாக ஜன்னலோரம் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாயே, அந்தச் செடிப் பெட்டிதான். துண்டில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். மேசைமேல் வைத்துவிட்டு அழுதார். ஆம்பிளை அழுது நான் பார்த்ததில்லை, என்ன செய்வதென்றே தெரியவில்லை.

“அவ வெச்சதுதான்கா. நான் தொடக்கூட இல்ல. எனக்குப் பார்த்துக்கத் தெரியல. கண்ணு முன்னாடி சாகுது. உங்ககிட்டயே இருக்கட்டும். அவ என்னைக்காவது கேட்டா குடுங்க” என்றார்.

நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்கவே இல்லை. கவனி, கேட்கவே இல்லை. ஐந்து மாதத்தில் இதுதான் முதல்முறை. உன் பக்கம் நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது அவர் மனசில் தைத்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. மனுஷன் மாறமாட்டான் என்று நாம் ஏன் முடிவு கட்ட வேண்டும்?

அது கிடக்கட்டும். பெட்டியில் ரோஜாப்பூ மாதிரி இருக்கும் செடியின் இலைகள் கண்ணாடி போல ஆகிவிட்டன. தொட்டால் கையோடு வருகின்றன. நான் தினம் காலையில் தண்ணீர் தெளிக்கிறேன், அப்படியும் தேறவில்லை. என்ன செய்யட்டும்?

அக்கா

---

ஜூன் 8

அக்காவுக்கு,

முதலில் தண்ணீர் தெளிப்பதை நிறுத்து. அது தாகத்தில் சாகவில்லை, தண்ணீரில் சாகிறது.

சக்குலன்ட் செடிகள் தங்களுக்கு வேண்டிய தண்ணீரை இலையிலேயே வைத்துக்கொள்ளும். அதனால்தான் இலை அவ்வளவு தடிமன். நீ தினம் தெளித்தால் இலை குடித்துக் குடித்து உள்ளுக்குள்ளே வெடித்துப்போகும். கண்ணாடி போலத் தெரிவது அதுதான். அந்த இலைகளைப் பிய்த்து எறி. மற்ற இலைகளை அழுகல் தொடக்கூடாது. மூடியைத் திறந்தே வை. மூடிய பெட்டிக்குள் ஈரம் தங்கும், இந்தச் செடிகளுக்கு ஆகாது. ஒரு ஈர்க்குச்சியை மண்ணில் கடைசிவரை குத்தி எடுத்துப் பார். குச்சியில் மண் ஒட்டினால் தண்ணீர் விடாதே. ஒட்டாமல் வந்தால், ஒவ்வொரு செடியின் அடியிலும் ஒரு தேக்கரண்டி. இலைமேல் படக்கூடாது. வெளிச்சம் வேண்டும், ஆனால் உச்சிவெயில் வேண்டாம். கண்ணாடி வெயிலின் சூட்டைக் கூட்டி இலையைப் பொசுக்கிவிடும்.

செடிக்கு இவ்வளவு போதும்.

இனி மற்றது. அவரை மாப்பிள்ளை என்று எனக்கு எழுதாதே. என் இடது மணிக்கட்டு ஈர நாட்களில் இன்னும் வலிக்கிறது. மருத்துவமனையில் கேட்டபோது “கதவுல இடிச்சுக்கிட்டா” என்று எனக்கு முந்திக்கொண்டு சொன்னவள் நீ. அவர் அழுததைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறாய். நான் அழுததைப் பற்றி யாருக்காவது எழுதியிருக்கிறாயா?

அவருக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. நான் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பின்னால் வந்து நின்று, “என்னை விட்டுட்டு அதுகூட என்ன பேச்சு?” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நான் வேலைக்குப் போனால் மதியம் போன் பண்ணி, பேசாமல் போனைத் தூக்கிப் பிடிக்கச் சொல்வார், அலுவலகச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்க. அந்த மனுஷன் அந்தப் பெட்டியை ஐந்து மாதம் காப்பாற்றி, துண்டில் சுற்றி எடுத்துவந்தார் என்றால், ஏன் என்று நீ கேட்டிருக்க வேண்டும்.

எனக்கு அது வேண்டாம். அனுப்பாதே. அந்த வீட்டிலிருந்து எதுவும் என்னிடம் வரவேண்டாம். நீயே வைத்துக்கொள், இல்லையென்றால் யாருக்காவது கொடுத்துவிடு.

நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதும் என் தபால்பெட்டி எண்ணும் உனக்கு மட்டும்தான் தெரியும். அது அப்படியே இருக்கட்டும்.

மிளகாய்

---

ஜூன் 13

மிளகாய்க்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழிவறைக்குள் போய் நின்றேன். மணிக்கட்டு விஷயத்தை நீ சொல்லிக்காட்டினாய், சரி. நான் அன்றைக்குப் பயந்துபோய் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ சொல்லும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் பெட்டி விஷயத்தில் நீ கோபத்தில் எழுதியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று எழுதுகிற கையா ஒரு பக்கம் முழுக்க ஈர்க்குச்சி, தேக்கரண்டி என்று எழுதும்? சின்ன வயசிலும் நீ இப்படித்தான். பொம்மையைத் தூக்கி எறிந்துவிட்டு, நான் எடுத்துக்கொண்டு வந்து தருகிறேனா என்று ஓரக்கண்ணால் பார்ப்பாய்.

அதனால் அனுப்பிவிட்டேன். இன்று காலை. திட்டாதே. நானே கட்டினேன், நானே தபால் நிலையத்துக்குத் தூக்கிப்போனேன். செடிகள் ஆடாமல் இருக்க மேலே பஞ்சு வைத்து, வெளியே செய்தித்தாள், அதற்குமேல் மருத்துவமனையில் மிச்சமிருந்த, குமிழ் குமிழாக இருக்கும் பிளாஸ்டிக் தாள். உன் தபால்பெட்டி எண்ணுக்குத்தான் போட்டிருக்கிறேன், வீட்டு முகவரியோ நீ வேலை பார்க்கிற கடையோ எனக்கே தெரியாது. யாருக்கும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது, உன் அத்தானுக்கும் தெரியாது. கேட்டால் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லப்போகிறேன்.

தனியாக ஒரு அறையில் இருக்கிறாய். உன் கையால் வைத்தது ஒன்றாவது உன்னோடு இருக்கட்டும். அவ்வளவுதான் நான் நினைத்தது.

அக்கா

---

ஜூன் 20

அக்காவுக்கு,

வந்து சேர்ந்தது.

தபால் நிலையத்தில் அந்தப் பெட்டியை என் முன்னால் வைத்தபோது கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பலாமா என்று யோசித்தேன். பின்னால் வரிசை நின்றது. போட்டுவிட்டேன். அறைக்கு வந்து கட்டிலில் வைத்து முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பிரித்தேன்.

உன்மேல் இருக்கிற கோபத்தைப் பாதியில் விட்டுவிட்டு இதைச் சொல்கிறேன்: வரிவரியாக இருக்குமே, வரிக்குதிரைச் செடி, அது அடியில் இரண்டு குட்டி போட்டிருக்கிறது. நான் விட்டுவிட்டு வந்தபோது ஒன்றுகூட இல்லை. ரோஜா போய்விட்டது, ஆனால் உதிர்ந்த இலை ஒன்றின் நுனியில் நூல் மாதிரி இளஞ்சிவப்பு வேர் விட்டிருக்கிறது. அதை எடுத்துக் காய்ந்த மணல்மேல் படுக்கவைத்திருக்கிறேன். தண்ணீர் காட்டாமல் விட்டால் அதுவே பிழைத்துக்கொள்ளும். ஜன்னலோரத்தில் வைத்துவிட்டு ராத்திரி சாப்பிடும்போது அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். இதை ஒத்துக்கொள்வதற்கே எரிச்சலாக இருக்கிறது.

உன் பார்சல் கட்டும் லட்சணத்தைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். நான் அந்தப் பெட்டியை எப்படி அடுக்கியிருந்தேன் தெரியுமா? கீழே கூழாங்கல், அதன்மேல் கரித்துண்டு, அதன்மேல் வலை, அதற்குமேல் மணல் கலந்த மண். வெளியிலிருந்து பார்த்தால் கோடு போட்ட மாதிரி இருக்கும். இப்போது முன்பக்கம் அப்படியே இருக்கிறது. பின்பக்க மூலையில் கரியும் மண்ணும் கல்லும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. தலைகீழாகக் கவிழ்த்துத்தான் அனுப்பினாயா? அந்த மூலையில்தான் தண்ணீர் வடியாமல் நிற்கிறது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி அடுக்க வேண்டும். இந்த வாரம் முடியாது. எங்கள் கடையில் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் பெரிய மீன்தொட்டிகள் கேட்டிருக்கிறார்கள். கண்ணாடியை ஒட்டி ஒட்டி விரலெல்லாம் சிலிக்கான் பசை.

கீழே கடையிலிருந்து முதலாளியம்மா என் அறைக்கு ஏறிவந்து பெட்டியைப் பார்த்துவிட்டு, “மீனே இல்லாத தொட்டிக்கு இவ்வளவு சீராட்டா?” என்றார். அவர் சிரித்தால் கடையில் கண்ணாடி அதிரும்.

இதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே. வேண்டாம் என்று சொன்னேன். நீ அனுப்பினாய்.

மிளகாய்

---

ஜூன் 26

மிளகாய்க்கு,

குட்டி போட்டிருக்கிறதா! நான் அனுப்பாமல் இருந்திருந்தால்? சரி, சரி. சொல்லவில்லை.

பெட்டியைக் கவிழ்த்தேன் என்று மட்டும் சொல்லாதே. தபால் நிலையம்வரை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அம்புக்குறி போட்டு ‘மேல்பக்கம்’ என்று நாலு பக்கமும் எழுதினேன். முன்பக்கம் கலையாமல் பின்பக்கம் மட்டும் எப்படிக் கலையும், நீயே சொல்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. அவர் இப்போது வருவதே இல்லை. போன ஞாயிறும் வரவில்லை, அதற்கு முந்தைய ஞாயிறும் வரவில்லை. உன் அத்தான்கூடக் கேட்டார், “என்னாச்சு, ஆளையே காணோம்?” என்று. புதன்கிழமை கடைத்தெருவில் எதிரே வந்தார். நானாகத்தான் நின்றேன். செடி எப்படி இருக்கிறது என்று கேட்பார், பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்லிவிடலாம் என்று தயாராக நின்றால், கேட்கவே இல்லை. “நல்லா இருக்கீங்களாக்கா?” என்றார், சிரித்தார், போய்விட்டார். உன் பேச்சே எடுக்கவில்லை. முகத்தில் ஒரு தெளிவு. நன்றாகத் தூங்கி எழுந்தவர் மாதிரி இருந்தார்.

மனசு ஆறிவிட்டது போல. இனி நீயும் கொஞ்சம் மூச்சு விடலாம். வீட்டைவிட்டு வெளியே போகும்போது தெருமுனையில் நின்று திரும்பிப் பார்க்கிறேன் என்று முன்பு எழுதியிருந்தாயே, அதை விட்டுவிடு.

அக்கா

---

ஜூலை 1

அக்கா,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடி படித்தேன். ‘கேட்கவே இல்லை’ என்ற இடத்தை மறுபடி படித்தேன். அவர் கேட்பதை நிறுத்துகிற ஆள் இல்லை. பதில் கிடைத்தால்தான் நிறுத்துவார்.

மேலே என் அறைக்கு ஓடினேன். பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டவில்லை. செடிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தாளில் வைத்துவிட்டு, அந்தப் பின்பக்க மூலையில் கரண்டியால் தோண்டினேன். வலை கத்தரியால் வெட்டப்பட்டிருந்தது. கூழாங்கல்லுக்கு அடியில், பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றி டேப் ஒட்டி, ஒரு வெள்ளை வட்டம். கோட்டுப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. சாவிக்கொத்தில் மாட்டிவிட்டால், சாவி எங்கே கிடக்கிறது என்று போனில் காட்டுமே, அது. அவர் பைக் சாவியில் ஒன்று தொங்கும், நீயும் பார்த்திருப்பாய்.

‘நான் தொடக்கூட இல்ல’ என்றாரே, அவர் கைதான் அந்த மூலையைக் கலைத்தது.

அது இரண்டு வாரமாக என் தலைமாட்டில் இருந்திருக்கிறது.

முதலாளியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “போன வாரம் நீ தொட்டி மாட்டப் போயிருந்தப்ப ஒரு ஆள் வந்தான். தொப்பி போட்டிருந்தான். விலை கேட்டான், வாங்கல. கடைய எத்தனை மணிக்கு மூடுவீங்க, எத்தனை பேர் வேலை செய்றீங்கன்னு கேட்டான்” என்றார். போட்டோ காட்டினேன். அவர்தான்.

அவர் அவசரப்பட மாட்டார். எதையும் பார்த்து, அளந்து, அப்புறம்தான் செய்வார்.

காவல் நிலையத்துக்குப் போனோம். இருந்தவர் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். நீதிமன்ற உத்தரவைப் படித்தார், வெள்ளை வட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டார். “இத பிரிச்சுப் போட்டீங்கன்னா அவருக்கு உடனே தெரிஞ்சுடும். வேற வழி தேடுவாரு. எங்க இருந்துச்சோ அங்கயே வெச்சுடுங்க. வேற இடத்துல தங்க முடியுமா?” என்றார். நான் முடியாது என்றேன். இன்னொரு ஊர், இன்னொரு அறை, இன்னொரு பெயர் என்று இனி என்னால் ஓட முடியாது. கூழாங்கல்லுக்கு அடியில் நானே என் கையால் அதைத் திருப்பி வைத்தேன். மேலே வெறும் மண். செடிகளை மட்டும் வேறு தட்டில் வைத்திருக்கிறேன்.

பகலில் கடையில் இருப்பேன். ராத்திரி முதலாளியம்மா வீட்டில் படுப்பேன்.

இப்போது உன் வேலை. அவர் வந்தால் முகத்தில் எதையும் காட்டாதே. கீழே நிலையத்தின் எண்ணை எழுதியிருக்கிறேன். அவர் ஊரில் இல்லை என்று தெரிந்தால், எந்த நேரமானாலும் அங்கே பேசு. எனக்கு எழுதிக்கொண்டு உட்காராதே.

உன்மேல் கோபப்பட இப்போது நேரமில்லை.

மிளகாய்

---

ஜூலை 7

மிளகாய்,

போன் பண்ணிவிட்டேன். முதலில் அதைச் சொல்கிறேன், கடிதம் தாமதமாக வந்தாலும் நீ முதல் வரியிலேயே தெரிந்துகொள்ள.

உன் கடிதம் நாலாம் தேதி வந்தது. அன்றையிலிருந்து வாசலில் சத்தம் கேட்டாலே எட்டிப் பார்க்கிறேன். நேற்று மாலை அவர் வந்தார். மூன்று வாரம் கழித்து. உன் அத்தான் எழுந்து கையைப் பிடித்து உட்காரவைத்தார். நான் காபி போட்டேன். தம்ளர் தட்டில் தடதடவென்று ஆடியது, அதனால் இரண்டு கையாலும் தம்ளரை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தேன்.

“ஆபீஸ் வேலையா ரெண்டு நாள் வெளியூர் போறேன்கா. உங்களுக்கு ஏதாவது வாங்கிட்டு வரணுமா?” என்று கேட்டார்.

எந்த ஊர் என்று அத்தான் கேட்டார். உன் ஊருக்கு நேர் எதிர்த் திசையில் ஒரு ஊர் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அத்தானை இல்லை, என்னை. என் முகம் என்ன செய்கிறது என்று பார்க்கிறார் என்று தெரிந்துவிட்டது. மிளகாய், நான் வாழ்க்கையில் நடித்ததே இல்லை. “அங்க செருப்பு நல்லா இருக்குமாமே, எனக்கு ஒரு ஜோடி வாங்கிட்டு வாங்க, ஏழாம் நம்பர்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

போகும்போது வாசலில் நின்று, “அந்தச் செடிப் பெட்டி?” என்றார்.

“பக்கத்து வீட்ல கேட்டாங்க, குடுத்துட்டேன்” என்றேன்.

“நல்லதுக்கா. நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கும்” என்றார். நல்ல இடம் என்கிறார். பூ மாதிரிச் சிரித்துக்கொண்டு சொல்கிறான் அந்த ஆள்.

கதவை மூடியதும் அத்தான் டிவி முன்னால் உட்கார்ந்தார். பால் வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டு, பால் கடையைத் தாண்டி, மருத்துவமனைக்குப் போய், பூட்டைத் திறந்து, மேசை போனில் இன்ஸ்பெக்டரிடம் பேசினேன். “நாளைக்கோ மறுநாளோ வருவார்” என்றேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். “எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போறாரு மேடம்” என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

எழுதாதே என்று சொன்னாய். கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. ஜாக்கிரதை. ஜாக்கிரதை.

அக்கா

---

ஜூலை 10

அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அடி எதுவும் இல்லை. இதைப் படித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடி, அப்புறம் மீதியைப் படி.

எட்டாம் தேதி வந்தார். ராத்திரி வருவார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். பட்டப்பகலில், சாப்பாட்டு நேரத்தில், தெருவில் ஆள் நடமாட்டம் குறைகிற நேரமாகப் பார்த்து வந்தார். தொப்பி இல்லை. நல்ல சட்டை. தலை வாரியிருந்தார்.

நான் உள்ளே கண்ணாடிப் பலகைகளுக்குப் பின்னால் ஒரு தொட்டிக்கு ஓரம் ஒட்டிக்கொண்டிருந்தேன். முதலாளியம்மா கல்லாவில். இன்ஸ்பெக்டர் அனுப்பிய பெண் காவலர் சாதாரண உடையில் காலையிலிருந்து மீன் உணவு டப்பாக்களுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

அவர் குரல் கேட்டது. “ஒரு சின்ன கண்ணாடிப் பெட்டி வேணும். மீனுக்கு இல்ல, செடி வெக்க.”

அந்தக் குரலைக் கேட்டதும் என் கை என்னை அறியாமல் சிலிக்கான் குழாயை அழுத்திக்கொண்டே இருந்தது. தொட்டி ஓரம் பூராவும் வழிந்துவிட்டது. ஓடிப்போய்க் கழிவறையில் பூட்டிக்கொள்ளலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அதைத்தான் ஆறு வருஷம் செய்தேன். எழுந்து வெளியே வந்தேன்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. நிஜமாகவே மலர்ந்தது, அக்கா. அதுதான் பயம்.

“இளைச்சுட்ட” என்றார். “போதும் விளையாட்டு. கார் நிக்குது. வா.”

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டேன். அவர் வாயால் வரவேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிக்கொடுத்திருந்தார்.

“மனசு இருந்தா வழி தானா தெரியும்” என்றார்.

“மனசு இல்ல. பேட்டரி” என்றேன்.

அந்த ஒரு வார்த்தையில் மலர்ச்சி போய்விட்டது. முகம் மாறுவதற்கு முன்னால் கழுத்தில் ஒரு நரம்பு துடிக்கும், எனக்குத் தெரியும். கை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். அதே இடது மணிக்கட்டு. பிடித்து இழுத்ததில் என் இடுப்பு இடித்து, பக்கத்தில் சாய்த்துவைத்திருந்த கண்ணாடி சரிந்து விழுந்து நொறுங்கியது. முதலாளியம்மா போட்ட கத்தலில் எதிர்வரிசைக் கடைக்காரர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். “கைய எடுடா! கைய எடு! என் கடைக்குள்ள வந்து என் பொண்ணு மேல கைய வெக்கிறியா?” என் பொண்ணு என்றார். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது.

பெண் காவலர் ஸ்டூலிலிருந்து எழுந்து அவர் தோளைத் தொட்டார். “சார், கைய விடுங்க. போலீஸ்.” அவர் விடவில்லை. “இவ என் பொண்டாட்டி, நீங்க தலையிடாதீங்க” என்றார். எவ்வளவு நிதானமாகச் சொன்னார் தெரியுமா? தெருவிலிருந்து நாலு பேர் உள்ளே வந்த பிறகுதான் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

ஜீப் வருவதற்குள் அவர் மறுபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டார். இன்ஸ்பெக்டரிடம், “நான் கடைக்குத்தான் வந்தேன் மேடம். இவ இங்க இருக்கான்னே எனக்குத் தெரியாது. அந்த வட்டம் எங்க வீட்டுது, இவளே செடிக்குள்ள போட்டுவெச்சிருப்பா, மறதி ஜாஸ்தி” என்றார். அவர் போனை வாங்கிப் பார்த்தார்கள். அதில் அந்த வட்டத்துக்கு ஒரு பெயர் வைத்திருந்தார். ‘செடி’ என்று.

ஆனாலும் வக்கீல் வந்து இதையே சொல்லுவார், நானே போட்டேன் என்று. இன்ஸ்பெக்டர் சொன்னார்: பெட்டியை அவர் கொண்டுவந்து கொடுத்ததையும், தொடவே இல்லை என்று சொன்னதையும் பார்த்த ஒரே ஆள் உங்கள் அக்காதான். அக்கா நேரில் வந்து வாக்குமூலம் கொடுத்தால் வழக்கு நிற்கும். இல்லையென்றால் இழுக்கும்.

நான் உன்னைக் கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். அத்தான் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். நீ அந்த வீட்டில்தான் வாழ வேண்டும் என்பதும் தெரியும்.

மணிக்கட்டில் நாலு விரல் தடம் இருக்கிறது. இந்த முறை மருத்துவரிடம் நானே சொன்னேன், யார் பிடித்தது என்று.

மிளகாய்

---

ஜூலை 19

மிளகாய்க்கு,

வாக்குமூலம் கொடுத்துவிட்டேன்.

உன் கடிதத்தை இந்த முறை வீட்டுக்கே எடுத்துப்போய், சாப்பாட்டு மேசையில், அத்தான் முன்னாலேயே விரித்துப் படித்தேன். அவர் பாதியில் பிடுங்கி, தானும் படித்தார். தாளை மடித்து மேசைமேல் வைத்தார். பிறகு, “அவன் செஞ்சது தப்புதான். ஆனா நீ போலீஸ் ஸ்டேஷன் படியேறணுமா? நாலு பேர் என்ன பேசுவாங்க? நாளைக்கு அவன் வெளிய வந்து நம்ம வாசல்ல நின்னா?” என்றார்.

“இத்தனை நாளா நம்ம வாசல்லதானே நின்னான்? நீங்கதானே உட்காரவெச்சு காபி குடுக்கச் சொன்னீங்க?” என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் இப்படி ஒரு வார்த்தை நான் பேசியதில்லை. அவருக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். உன் மிளகாய் கொஞ்சம் எனக்கும் ஒட்டியிருக்கும் போல.

மறுநாள் காலை அவர் எழுவதற்கு முன் கிளம்பிவிட்டேன். இங்கேயே நிலையத்தில் பதிந்துகொண்டு உங்கள் ஊருக்கு அனுப்புகிறார்களாம். எழுதிக்கொண்டவர் சின்னப் பையன். நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தது, துண்டில் சுற்றியிருந்தது, தொடக்கூட இல்லை என்றது, எல்லாம். “அப்புறம் அந்தப் பெட்டிய யார் அனுப்புனாங்க?” என்று கேட்டான்.

“நான்” என்றேன்.

“அனுப்பச் சொல்லி உங்க தங்கச்சி கேட்டாங்களா?”

“இல்ல. அனுப்பாதேன்னு எழுதியிருந்தா. நான்தான் கேக்கல.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். அதையும் சேர்க்கவா என்றான். சேர் என்றேன். அச்சடித்து வந்த தாளில் அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

அத்தான் ஒரு வாரமாகப் பேசவில்லை. சமைக்கிறேன், சாப்பிடுகிறார், எழுந்து போகிறார். நேற்று மட்டும் போகிறபோக்கில், “உன் தங்கச்சிக்குக் கை தேவலையா?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். தேவலை என்று நானும் சுவரைப் பார்த்தே சொன்னேன்.

ஒன்று கேட்கவேண்டும். வருகிற ஞாயிறு நான் அங்கே வரட்டுமா? உன்னைக் கண்ணால் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. ஒன்றும் கொண்டுவரமாட்டேன். வெறும் கையோடு வருகிறேன். பார்த்துவிட்டு மாலையே திரும்பிவிடுகிறேன்.

அக்கா

---

ஜூலை 25

அக்காவுக்கு,

உன் வாக்குமூலம் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டுப் படிக்கக் கொடுத்தார். ‘அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருந்தாள், நான் கேட்கவில்லை’ என்ற வரியைப் படித்தேன். அவருக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. அடுத்த விசாரணை அடுத்த மாதம்.

கண்ணாடிப் பெட்டியைச் சாட்சிப் பொருளாக எடுத்துப்போய்விட்டார்கள், மண்ணோடும் கல்லோடும். செடிகள் என்னிடம். புதிதாக ஒரு தொட்டி ஒட்டினேன். உயரம் குறைவு, மூடியே இல்லை. கூழாங்கல்லையும் கரியையும் கழுவிக் காயவைத்து நானே அடுக்கினேன். வேர்களை நிழலில் ஆறவிட்டு நேற்று நட்டேன். ஒரு வாரத்துக்குத் தண்ணீர் காட்டக்கூடாது. முதலாளியம்மாவுக்குப் பொறுக்கவில்லை, செம்பைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறார்.

இனி உன் கேள்வி. வரட்டுமா என்று கேட்டிருந்தாய். கேட்டதற்கே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நீ எப்போதும் கேட்கிறவள் இல்லை, வந்து நிற்கிறவள்.

வேண்டாம், அக்கா. இந்த ஞாயிறு வேண்டாம். உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. நீ செய்தது பெரிய காரியம், எனக்குத் தெரியும், ஆனாலும் கோபம் போகவில்லை. ராத்திரி படிக்கட்டில் யாராவது ஏறினால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அப்படி உட்கார்ந்திருக்கும்போது அவரைத் திட்டுவதைவிட உன்னைத்தான் அதிகம் திட்டுகிறேன். இந்த நிலைமையில் நீ வந்து எதிரே உட்கார்ந்தால், நான் சிரித்துப் பேசி உன்னை அனுப்பிவிட்டு, அப்புறம் பல நாள் வெந்துகொண்டிருப்பேன். அது நமக்கு வேண்டாம்.

நான் எழுதுகிற இந்த வேண்டாமுக்கு உள்ளே வேறு எதுவும் தேடாதே. ஓரக்கண்ணால் நான் பார்க்கவில்லை.

நானே கூப்பிடுவேன். ஒரு மாதம் ஆகலாம், இரண்டும் ஆகலாம். நிச்சயம் கூப்பிடுவேன். அன்றைக்கு வழியில் எதையும் வாங்கித் தின்றுவிட்டு வராதே. சமைத்துவைத்திருப்பேன், பசியோடு வா.

மிளகாய்